பாமாயில் வந்த பாதை: இந்தியாவின் சமையல் எண்ணெய் இறக்குமதி, ஒரு நிகழ்வு ஆய்வு

1992-93ஆம் ஆண்டில் இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கிய சமையல் எண்ணெய் ஏறத்தாழ 1 லட்சம் டன். அன்றைய தேவையில் அது இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். 2022-23 எண்ணெய் ஆண்டில், அதாவது நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் வியாபாரக் கணக்கில், வாங்கியது சுமார் 165 லட்சம் டன். அதற்குக் கொடுத்த பணம் கிட்டத்தட்ட 1.38 லட்சம் கோடி ரூபாய். அரிசி, கோதுமை, சர்க்கரை, பால் எல்லாவற்றிலும் நாடு தன் காலில் நிற்கிறது. பருப்பில் கொஞ்சம் தள்ளாட்டம் உண்டு. எண்ணெயில் மட்டும் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. உலகிலேயே அதிகமாகச் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு நாம்தான்.

இதற்கு வழக்கமாக இரண்டு விளக்கம் சொல்வார்கள். கையில் காசு புழங்கியது, மக்கள் அதிகம் சாப்பிட்டார்கள், உள்ளூர் விளைச்சல் போதவில்லை என்பது ஒன்று. தாராளமயம் வந்தது, மலிவான பாமாயில் பாய்ந்து வந்தது, கடலை விவசாயி ஒழிந்தான் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது சற்று வேறு மாதிரி. எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வருமானம் முடிவு செய்தது. எந்த எண்ணெய், எந்த நாட்டிலிருந்து, கச்சாவாகவா சுத்திகரித்தா என்பதைச் சுங்க வரி முடிவு செய்தது. அந்த வரியை டெல்லி முப்பது ஆண்டுகளாக ஏற்றி இறக்கிய விதத்தில்தான் இந்த விவகாரத்தின் முடிச்சு இருக்கிறது.

தன்னிறைவை எட்டிப் பார்த்த சில ஆண்டுகள்

பழைய நிலவரத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் எண்ணெய் இருந்தது. வங்காளத்திலும் வடக்கிலும் கடுகு எண்ணெய், குஜராத்திலும் ஆந்திராவிலும் கடலை எண்ணெய், கேரளத்தில் தேங்காய் எண்ணெய், தமிழ்நாட்டில் கடலை எண்ணெயோடு நல்லெண்ணெய். இவற்றுக்கு மேலே, நெய் வாங்க முடியாத வீடுகளுக்கு வனஸ்பதி. டால்டா என்ற பிராண்டின் பெயரே அந்தப் பொருளுக்குப் பெயராகிவிட்டது. மழை பொய்த்த ஆண்டில் கடலை விலை எகிறும். குஜராத்தின் சௌராஷ்டிரத்து எண்ணெய் ஆலை முதலாளிகளை ‘தேலியா ராஜா’, அதாவது எண்ணெய் ராஜா, என்று ஊர் அழைத்தது. சந்தை விலையையும் மாநில அரசியலையும் சேர்த்து ஆட்டி வைத்தவர்கள் அவர்கள். பற்றாக்குறை வந்தால் வெளிநாட்டில் வாங்கும் உரிமை அரசு வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. 1980களில் சில ஆண்டுகள் அந்த இறக்குமதி 15 லட்சம் டன்னைத் தாண்டியது. பெட்ரோலியத்தைப் போலவே அந்நியச் செலாவணியைக் கரைக்கும் பொருளாக எண்ணெய் பேசப்பட்டது.

1986 மே மாதம் ராஜீவ் காந்தி அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல விதை, ஆராய்ச்சி, கொள்முதல், ஆலை நான்கையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். தேசிய பால்வள வாரியத்திடம் சந்தைத் தலையீட்டுப் பொறுப்பு தரப்பட்டது. விலை விழுந்தால் வாங்கி இருப்பு வைப்பது, ஏறினால் விற்பது என்பது திட்டம். ‘தாரா’ பாக்கெட் எண்ணெய் அந்த முயற்சியில் பிறந்ததுதான். மத்தியப் பிரதேசத்துக் கரிசல் மண்ணில் சோயா பரவியது, தக்காணத்தில் சூரியகாந்தி பரவியது. 1985-86இல் 1.08 கோடி டன்னாக இருந்த எண்ணெய் வித்து விளைச்சல் 1990களின் நடுவில் இரு மடங்கைத் தாண்டியது. மஞ்சள் புரட்சி என்று இதற்குப் பெயர்.

பாராட்டும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இந்தப் புரட்சி ஒரு வேலிக்குள் நடந்தது. தனியார் இறக்குமதி செய்ய முடியாது. அரசும் குறைவாகவே வாங்கியது. அதனால் உள்நாட்டு எண்ணெய் விலை உலக விலையைவிட நன்றாக மேலே நின்றது. விவசாயிக்குக் கிடைத்த ஊக்கத்தில் விதைக்கு எவ்வளவு பங்கு, வேலிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். வேலிக்குப் பெரும்பங்கு என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் அது எடுக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே விளைச்சலின் வேகம் நின்றுவிட்டது, விதையும் ஆராய்ச்சி நிலையங்களும் அப்படியே இருந்தபோதும்.

கதவு திறந்த கணக்கு

1994 மார்ச்சில் பாமோலின், அதாவது பாமாயிலின் திரவப் பகுதி, பொது உரிமத்தின் கீழ் வந்தது. யார் வேண்டுமானாலும் 65 சதவீத வரி கட்டி இறக்குமதி செய்யலாம். அடுத்த ஆண்டே பெரும்பாலான சமையல் எண்ணெய்களுக்கும் கதவு திறந்தது. வரி 30 சதவீதம். 1996இல் 20, 1998இல் 15. நாலே ஆண்டில் 65இலிருந்து 15.

‘உலக வர்த்தக அமைப்பு கட்டாயப்படுத்தியது’ என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். வரியைப் பொறுத்தவரை அது சரியில்லை. அந்த அமைப்பில் இந்தியா பாமாயிலுக்குப் பதிவு செய்த உச்சவரம்பு 300 சதவீதம். அதாவது 300 வரை போட உரிமை வைத்துக்கொண்டு 15க்கு இறங்கியது நம் அரசே எடுத்த முடிவு. விலைவாசி பற்றிய பயமும், நகர்ப்புற நுகர்வோரின் அதிருப்தியும், உலகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதை ஏன் வாங்கக் கூடாது என்ற பொருளாதார வாதமும் சேர்ந்து எடுக்க வைத்த முடிவு அது.

சோயா எண்ணெய் கதை வேறு. அதற்கு உச்சவரம்பு 45 சதவீதம்தான். உலக வர்த்தக அமைப்புக்கு முந்தைய காட் (GATT) ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் காலத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒரே வாணலியில் ஒன்றுக்கொன்று மாற்றாகும் இரண்டு எண்ணெய்களுக்கு 300 ஓர் உச்சம், 45 ஓர் உச்சம். கடந்த இருபத்தைந்து ஆண்டு எண்ணெய் வியாபாரத்தின் பல வளைவுகளுக்கு இந்த இடைவெளிதான் வேர்.

கதவு திறந்த நேரமும் மோசமான நேரம். 1998 ஆகஸ்டில் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில்லறையில் அளந்து விற்கும் கடுகு எண்ணெய்க்குத் தடை வந்தது. மக்களுக்குச் செக்கு எண்ணெய் மீதிருந்த நம்பிக்கை ஆடியது, பாக்கெட்டில் வந்த ரீபைண்ட் ஆயில் மீது நம்பிக்கை கூடியது. அதே சமயத்தில் உலகப் பாமாயில் விலை சரியத் தொடங்கியது. 1998-99 எண்ணெய் ஆண்டில் இறக்குமதி 40 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஆறு ஆண்டுக்கு முன் 1 லட்சம் டன் வாங்கிய நாடு!

சட்டியில் என்ன நடந்தது

இந்த எண்ணெயெல்லாம் எங்கே போனது? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி 1993-94இல் கிராமத்து மனிதர் ஒருவர் மாதத்துக்கு 370 கிராம் சமையல் எண்ணெய் பயன்படுத்தினார். நகரத்தில் 560 கிராம். 2011-12இல் கிராமத்தில் 670 கிராம், நகரத்தில் 850 கிராம். கிராமத்தின் ஏற்றம் நகரத்தைவிட வேகமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் பணக்காரர் பண்டம் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. ஏழை வீட்டில் வருமானம் கூடும்போது அரிசி அவ்வளவாகக் கூடுவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையவும் செய்கிறது. கூடுவது எண்ணெய், முட்டை, பால், சர்க்கரை, வெளியில் வாங்கும் பலகாரம். ஒரு தலைமுறைக்கு முன் பூரி, வடை, பஜ்ஜி எல்லாம் நாள் கிழமைக்கு. இன்று பூரி என்பது ஞாயிற்றுக்கிழமை டிபன், பஜ்ஜி என்பது நாலு மணி டீக்கடை.

வீட்டுக் கணக்கெடுப்பில் முழுதாகப் பிடிபடாத இன்னொரு பெரிய துளை இருக்கிறது. ஓட்டல், பேக்கரி, பிஸ்கட், மிக்சர், சிப்ஸ், நூடுல்ஸ், ஐஸ்கிரீமாக விற்கப்படும் உறைபண்டங்கள், சோப்பு. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் பாமாயில். நிதி ஆயோக் 2024இல் வெளியிட்ட அறிக்கை தலைக்கு ஆண்டுக்கு 19.7 கிலோ என்று கணக்கிட்டது. மருத்துவர்கள் போதும் என்று சொல்லும் அளவு 12 கிலோவைச் சுற்றி. 2025 தொடக்கத்தில் பிரதமரே எண்ணெய் பயன்பாட்டைப் பத்து சதவீதம் குறைக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதில் உடல்நல அக்கறையோடு இறக்குமதி பில்லும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லை.

பாமாயில் வென்றதற்குச் சுவை காரணமில்லை. யாரும் பாமாயிலை ஆசைப்பட்டு வாங்குவதில்லை. அது கேட்காமலே வந்து சேரும் எண்ணெய். பாமாயில் தரும் எண்ணெய்ப் பனையில் (இது நம் ஊர்ப் பனைமரம் அல்ல) ஒரு ஹெக்டேருக்கு மூன்றரை, நாலு டன் எண்ணெய் எடுக்கலாம். அதே ஹெக்டேர் மானாவாரிக் கடலையில் அரை டன் கிடைத்தாலே பெரிது. அடிக்கடி காய்ச்சினாலும் சீக்கிரம் கெடாது, வாசனை இல்லாததால் எந்த ஊர்ப் பலகாரத்தோடும் ஒட்டிக்கொள்ளும். முறுக்குக் கம்பெனி முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

தமிழ்நாட்டில் இதற்கு அரசே ஒரு பெரிய கை கொடுத்தது. 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு, உளுத்தம் பருப்போடு பாமாயிலும் ரேஷன் கடைக்கு வந்தது. இன்று ஒரு லிட்டர் 25 ரூபாய். 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். வெளிச்சந்தையில் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் பொருளை 25க்குக் கொடுப்பது ஏழை வீட்டுக்குப் பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதன் இன்னொரு முகத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தலைமுறையின் நாக்கையும் பட்ஜெட்டையும் இந்த எண்ணெய்க்குப் பழக்கியதில் எந்த விளம்பரத்தையும்விட ரேஷன் கடைக்குப் பங்கு அதிகம். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று கொங்கு வட்டாரத் தென்னை விவசாயிகள் போராடுவது இந்தப் பழக்கம் ஊன்றிய பிறகு.

காசு இன்னும் கொஞ்சம் கூடிய வீடுகளில் நடந்தது வேறு. அவர்கள் பாமாயிலிலிருந்து சன்ஃபிளவருக்கு ஏறினார்கள். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற வாசகம் 1990களில் பாக்கெட்டுக்குப் பாக்கெட் அச்சாகியிருந்தது. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. சென்னையின் கோல்டு வின்னர் போன்ற பிராண்டுகள் தென்னிந்திய நடுத்தர வர்க்கச் சமையலறையின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அதற்கும் மேலே ஏறியவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மரச்செக்கு எண்ணெய்க்குத் திரும்பியிருக்கிறார்கள். பழைய ஏழை எண்ணெய் இப்போது லிட்டர் 250, 300 ரூபாய் கொடுத்து வாங்கும் வசதியானவர் எண்ணெய்.

வரி ஆடிய ஆட்டம்

1998-99 வெள்ளத்துக்குப் பிறகு அரசு பயந்தது. 2001இல் கச்சா பாமாயிலுக்கு 75 சதவீதம், சுத்திகரித்ததற்கு 85 சதவீதம். சோயாவில் 45க்கு மேல் போக முடியாது என்பதால் அங்கேயே நின்றது. உடனே என்ன ஆனது? மலேசிய, இந்தோனேசியப் பாமாயிலின் விலை அனுகூலம் தேய்ந்து, அர்ஜென்டினா, பிரேசில் சோயா எண்ணெய் உள்ளே வந்தது. இந்திய விவசாயியைக் காக்கப் போட்ட வரியில் பாதி நன்மை தென்னமெரிக்க விவசாயிக்குப் போனது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும், முழுப் பொய்யாக இருக்காது. இந்த இடத்தில் ஒரு வேடிக்கை: மரபணு மாற்றிய சோயாவை இந்திய வயலில் விதைக்க அனுமதியில்லை. அதே சோயாவிலிருந்து பிழிந்த எண்ணெய் டேங்கர் டேங்கராக வரலாம்.

2008இல் உலகம் முழுதும் உணவு விலை ஏறியது. ஏப்ரல் 1ஆம் தேதி கச்சாச் சமையல் எண்ணெய்களின் வரி பூஜ்யமானது. பாமாயிலுக்கும் சோயாவுக்கும் இடையிலான வரி வித்தியாசம் காணாமல் போனதும் பாமாயில் பழையபடி முன்னேறியது. அடுத்த ஆண்டு மொத்த இறக்குமதியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு பாமாயில்தான். அப்புறம் மெதுவாக வரி ஏறத் தொடங்கி, 2018 மார்ச்சில் கச்சா பாமாயிலுக்கு 44, சுத்திகரித்ததற்கு 54 என்று உச்சம் தொட்டது. 2021 அக்டோபரில் கச்சாவுக்கு மறுபடி அடிப்படை வரி பூஜ்யம். 2024 செப்டம்பரில், சோயா விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என்ற ஆதரவு விலைக்குக் கீழே கிடந்தபோது, மகாராஷ்டிரத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, கச்சாச் சமையல் எண்ணெயின் மொத்த வரி, அடிப்படை வரியோடு செஸ்களும் சேர்த்து, 5.5இலிருந்து 27.5 சதவீதத்துக்குத் தாவியது. எண்ணெய் விலை ஏறியது. 2025 மே கடைசியில் அதை 16.5க்கு இறக்கினார்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அறுவடைக் காலத்தில் விலை விழுந்தால் விவசாயிக்காக வரி ஏறும். பண்டிகைக்கு முன் விலை ஏறினால் நுகர்வோருக்காக வரி இறங்கும். ஒவ்வொரு முடிவும் தனித்துப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். சேர்த்துப் பார்த்தால், எண்ணெய் வித்து விதைப்பதா என்று யோசிக்கும் விவசாயிக்கும், புதிய ஆலை போடலாமா என்று யோசிக்கும் முதலாளிக்கும் கைப்பிடிக்க ஒன்றும் இல்லை. லாபம் பார்த்தவர் கப்பல் கடலில் இருக்கும்போதே வரி மாறும் என்று மோப்பம் பிடித்த இறக்குமதியாளர். எல்லாருக்கும் அந்த மோப்பம் வாய்க்கவில்லை என்பதும் உண்மை. நாட்டின் பெரிய எண்ணெய் நிறுவனமாக இருந்த ருச்சி சோயா 2017இல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

பின்வாசல்கள்

வரி உயரும்போதெல்லாம் பின்வாசல் ஒன்று திறக்கும். முதலில் திறந்தது இலங்கையில். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தப்படி இலங்கையில் செய்த பொருளுக்கு இந்தியாவில் வரிச் சலுகை. இந்தியாவில் பாமாயிலுக்கு 80 சதவீதம் வரி இருந்த காலம் அது. இந்திய முதலாளிகள் பாக் நீரிணையைத் தாண்டிப் போய் வனஸ்பதி ஆலை போட்டார்கள். மலேசியாவிலிருந்து பாமாயில் இலங்கைக்கு வரும், வனஸ்பதியாக மாறும், இந்தியாவுக்குள் வரியில்லாமல் நுழையும். இலங்கைக்குள் 35 சதவீத மதிப்புக் கூட்டல் வேண்டும் என்ற விதி காகிதத்தில் நிறைவேறியது. இந்திய வனஸ்பதி ஆலைகள் கூச்சல் போட்ட பிறகு 2006இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று அளவு கட்டினார்கள். 2008இல் இந்தியா பாமாயில் வரியைத் தூக்கியபோது அந்த ஆலைகளின் பிழைப்பே போய்விட்டது. இலங்கையின் சமையலுக்கோ விவசாயத்துக்கோ சம்பந்தமில்லாத ஒரு தொழில், இந்திய வரி விகிதத்தின் இடைவெளியில் பிறந்து, அந்த இடைவெளி மூடியதும் செத்தது.

இரண்டாவது வாசல் மலேசியா. ஆசியான் ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவோடு தனியாக இன்னோர் ஒப்பந்தமும் உண்டு. அந்தத் தனி ஒப்பந்தப்படி 2019 ஜனவரியில் மலேசியச் சுத்திகரித்த பாமாயிலுக்கு 45 சதவீதம், மற்றவர்களுக்கு 50 என்று ஆனது. ஐந்து சதவீத வித்தியாசம் போதாதா? கச்சாவை விட்டுவிட்டுச் சுத்திகரித்த எண்ணெயையே வாங்கத் தொடங்கினார்கள். காக்கிநாடா, காண்ட்லா துறைமுகங்களின் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகள் பாதித் திறனில் ஓடின. செப்டம்பரில் 5 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டு அதைச் சமன் செய்தார்கள். அதே மாதம் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீர் விவகாரத்தில் இந்தியாவைச் சாடினார். 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில், உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாத கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போனது. அறிவிப்பில் மலேசியாவின் பெயர் இல்லை. யாரைக் குறிவைத்தது என்பதில் சந்தையில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. சில மாதங்களுக்கு ஆதாயம் இந்தோனேசியாவுக்கு.

மூன்றாவது இன்னும் திறந்தே இருக்கிறது. தெற்காசியச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தப்படி நேபாளத்திலிருந்து வரும் எண்ணெய்க்கு வரி இல்லை. சொல்லிக்கொள்ளும்படி சோயா விளையாத நேபாளத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் சோயா எண்ணெய் சில ஆண்டுகள் முதலிடத்தில் நிற்கிறது. கச்சா எண்ணெய் தென்னமெரிக்காவிலிருந்து கொல்கத்தா, ஹால்டியா வழியாக நேபாளத்தின் தராய் சமவெளிக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டு, திரும்பி பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் லாரியில் வருகிறது. இந்தியா வரியை உயர்த்த உயர்த்த இந்தச் சுற்றுப் பயணத்தின் லாபம் கூடுகிறது.

நிலம் எங்கே போனது

இறக்குமதி மட்டும்தான் எண்ணெய் வித்தை விரட்டியது என்று எழுதினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். நிலவரம் அவ்வளவு நேராக இல்லை.

சூரியகாந்தியைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பூத்தது, கர்நாடகம் முதலிடம். கடந்த சில ஆண்டுகளில் அது 2 முதல் 4 லட்சம் ஹெக்டேருக்குள் சுருங்கிவிட்டது. மக்கள் சன்ஃபிளவர் எண்ணெயை விரும்பி வாங்கிய அதே காலத்தில்தான் சூரியகாந்தி வயல் மறைந்தது. இறக்குமதி விலை ஒரு காரணம். 1990களின் கடைசியில் கர்நாடகத்தில் பரவிய வைரஸ் கருகல் நோய் இன்னொன்று. கிளிக் கூட்டம், தரமில்லாத வீரிய விதை என்று மற்றவையும் உண்டு. அந்த நிலங்களில் பெரும்பாலும் நுழைந்தது மக்காச்சோளம், கொண்டைக்கடலை, பருத்தி.

மக்காச்சோளம் எதற்கு? கோழித் தீவனத்துக்கு. அதே வசதி, அதே நடுத்தர வர்க்கம் எண்ணெயோடு சேர்த்து முட்டையும் சிக்கனும் கேட்டது. நாமக்கல் பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும். வேலை குறைவு, வாங்க ஆள் தயார், விலையும் பரவாயில்லை. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் பரவியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆக, வருமானம் எண்ணெயின் தேவையைக் கூட்டியதோடு, எண்ணெய் வித்து நிலத்தையும் இன்னொரு பக்கம் இழுத்தது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தமிழ்நாட்டு நிலக்கடலை 1990 வாக்கில் 10 லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்தது. இப்போது 4 லட்சத்தைச் சுற்றி. திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கம் மல்லாட்டை போட்ட பல குடும்பங்கள் விட்டதற்குச் சொல்லும் முதல் காரணம் ஆள் கிடைக்காதது. விதைக்க, களையெடுக்க, பிடுங்க, காய் ஆய, எல்லாவற்றுக்கும் கை வேண்டும். கூலி ஏறியது, அது ஏழைக்கு நல்லது. ஏறிய கூலியை ஈடுகட்டும் விலை பாமாயில் இருக்கும் சந்தையில் கிடைக்கவில்லை. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் கடலை எண்ணெய் டின்னும் பாமாயில் டின்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் ஓட்டல்காரர் எதை வாங்குவார் என்று கேட்கவே வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. குஜராத்தில் கடலை விளைச்சல் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் அதில் கணிசமான பகுதி செக்குக்குப் போகாமல் பருப்பாகவே விற்கிறது, ஏற்றுமதியாகிறது. இந்தியக் கடலைப் பருப்பை அதிகம் வாங்கும் நாடு எது தெரியுமா? இந்தோனேசியா. நமக்குப் பாமாயில் அனுப்பும் அதே நாடு நம் கடலையை வாங்கி வறுத்துத் தின்கிறது. அவரவருக்குச் சுலபமாக வருவதை அவரவர் விளைவித்து மாற்றிக்கொள்வது என்ற பொருளில், பொருளாதாரப் பாடப் புத்தகம் இதை ஒப்பீட்டு அனுகூலம் என்று சொல்லிச் சந்தோஷப்படும். நானும் பாதி சந்தோஷப்படுவேன். கடலை எண்ணெயாகப் போவதைவிட நொறுக்குத் தீனியாகப் போனால் விவசாயிக்கு நல்ல விலை.

ஆலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடலை எண்ணெய், கடுகு எண்ணெய் ஆட்டும் தொழில் 2015 ஏப்ரல் வரை சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்து இருபது ஆண்டு கழித்துத்தான் உள்ளூர்ச் செக்குக்குப் பெரிய முதலீடு செய்யலாம் என்று அனுமதி வந்தது. அதற்குள் முந்த்ராவிலும் காக்கிநாடாவிலும் கப்பல் எண்ணெயை நம்பி பிரம்மாண்டமான சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்துவிட்டன. வெளிக்கதவைத் திறந்து உள்கதவைப் பூட்டி வைத்த தாராளமயம் இது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் பகுதி இதுதான்.

சீனாவோடு ஒரு நிமிடம் ஒப்பிடலாம். 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த சீனா சோயா விதைக்கு 3 சதவீதம், சோயா எண்ணெய்க்கு 9 சதவீதம் என்று வரி வைத்தது. அதனால் விதையே வந்தது. இப்போது ஆண்டுக்கு 10 கோடி டன் அளவில். ஆட்டும் வேலை கடற்கரை ஆலைகளில், பிண்ணாக்கு பன்றிக்கும் கோழிக்கும். அங்கேயும் சார்பு பயங்கரம்தான். ஆனால் வேலையும் பிண்ணாக்கும் உள்ளே தங்கின. இந்தியா விதைக்கு அதிக வரியும் கடுமையான தாவர நோய்த் தடுப்பு விதிகளும் வைத்து, எண்ணெயைத் திறந்துவிட்டது. இங்கே விளையும் சோயாவைக் காக்க அது தேவைப்பட்டது என்பது நியாயமான வாதம். விளைவு, நாம் பிழிந்த எண்ணெயையே வாங்கும் நாடாக ஆனோம்.

2022இல் கிடைத்த அடி, அதற்குப் பிறகு

பிப்ரவரியில் உக்ரைன் போர். இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய 70 சதவீதம் உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது, துறைமுகங்கள் மூடின. ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா, உள்நாட்டில் விலை ஏறுகிறது என்று பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. மே 23 வரை அந்தத் தடை நீடித்தது. மளிகைக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு பாக்கெட்தான் என்று சொன்ன நாட்கள் நினைவிருக்கலாம். அடிப்படை வரியை ஏற்கெனவே பூஜ்யமாக்கியிருந்ததால் அரசின் கையில் பெரிய ஆயுதம் எதுவும் மிச்சமில்லை.

அடுத்த மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. இந்தோனேசியா தன் பாமாயிலை டீசலில் கலந்து எரிக்கிறது. 2023இல் 35 சதவீதம், 2025இல் 40. மலிவு எண்ணெய் என்ற பெயர் பாமாயிலிடமிருந்து நழுவத் தொடங்கியது. 2024-25இல் சோயாவைவிடப் பாமாயில் விலை கூடிய மாதங்கள் இருந்தன. அந்த ஆண்டு இந்தியாவின் மொத்த இறக்குமதி 160 லட்சம் டன் அளவிலேயே நிற்க, பாமாயில் பாதிக்கும் கீழே இறங்கியது. சோயா எண்ணெய் 50 லட்சம் டன்னைத் தாண்டி அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. மொத்தம் மாறவில்லை, கலவை மாறியது.

அரசின் பதில் இரண்டு திட்டங்கள். 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனை இயக்கம், வடகிழக்கிலும் அந்தமானிலும் சிறப்புக் கவனத்தோடு. 2024 அக்டோபரில் 10,103 கோடியில் எண்ணெய் வித்து இயக்கம். 2022-23இல் 390 லட்சம் டன்னாக இருந்த விளைச்சலை 2030-31க்குள் 697 லட்சம் டன்னாக்குவது இலக்கு. இந்த இரண்டாவது திட்டத்தின் இலக்கு எனக்கு நம்பும்படி இல்லை. மஞ்சள் புரட்சி வேலிக்குள் பத்து ஆண்டில் செய்ததை, வேலி இல்லாமல் எட்டு ஆண்டில் செய்யச் சொல்கிறது.

பனைத் திட்டத்தில் மட்டும் பழைய பாடம் ஒன்றைக் கற்றுக்கொண்டது தெரிகிறது. பனை காய்க்க நாலு ஆண்டு ஆகும், அதற்குள் வரி எத்தனை முறை மாறுமோ. அதனால் விவசாயிக்குக் கொடுக்கும் விலையை இரண்டாகப் பிரித்தார்கள். கச்சா பாமாயில் விலையில் 14.3 சதவீதம் என்ற கணக்கில் ஆலை கொடுக்க வேண்டியது ஒன்று. அது அரசு நிர்ணயித்த கட்டுபடி விலைக்குக் கீழே போனால், விடுபட்ட தொகையை அரசு விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுவது இன்னொன்று. வரி ஏறினாலும் இறங்கினாலும் பனை நட்டவருக்கு ஒரு தரை இருக்கிறது. கடலைக்கும் சூரியகாந்திக்கும் இவ்வளவு நிலையான ஒரு தரை இருந்ததில்லை. ஆதரவு விலை அறிவிப்பார்கள், பல இடங்களில் வாங்க ஆள் வராது. பனைக்கான அந்த உத்தரவாதத்துக்கும் முடிவு தேதி போட்டிருக்கிறார்கள்: 2037 நவம்பர் 1. ஓர் எண்ணெய்ப் பனை பலன் தரும் காலம் இருபத்தைந்து ஆண்டு. இன்று நடும் கன்று அதன் ஆயுளின் பாதியைத் தொடும்போது, அதன் குலைக்கான விலை மறுபடியும் ஜகார்த்தாவின் டீசல் கொள்கையிலும் டெல்லியின் சுங்க அறிவிப்பிலும் வந்து நிற்கும்.